பழுது தீராத மோட்டார்ஹோம்: பிரிட்டனில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவது எப்படி

மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு வீடுபோல் கட்டிய வண்டி) பழுது என்று போனால் டீலரிடம் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: எஞ்சின் என்றால் சேசிஸ் கம்பெனியைக் கேளுங்கள், கூரை ஒழுகினால் பாடி கட்டியவர்களைக் கேளுங்கள், ஹீட்டர் என்றால் ஹீட்டர் கம்பெனியைக் கேளுங்கள். ஒரே வண்டிக்கு மூன்று நான்கு வாரண்டி புத்தகங்கள் இருப்பதால் கேட்பவருக்கும் இது நியாயமாகவே படும். ஆனால் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொறுப்பு வண்டியை விற்றவருடையது. எந்தக் கம்பெனியின் பாகம் பழுதானது என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. வாரண்டி இந்த உரிமைக்கு மேல் கிடைக்கும் கூடுதல் மட்டுமே. வாரண்டி முடிந்துவிட்டது என்பதால் சட்ட உரிமை முடிந்துவிடாது.

அந்த 'விற்றவர்' யார் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ரொக்கமாகவோ வங்கிக் கடனிலோ வாங்கியிருந்தால் டீலர். ஹையர் பர்ச்சேஸ் (தவணை முடியும்வரை வண்டி ஃபைனான்ஸ் கம்பெனிக்கே சொந்தம்) அல்லது பிசிபி (கடைசியில் பெரிய தொகை கட்டவோ வண்டியைத் திருப்பிக் கொடுக்கவோ விடும் அதன் இன்னொரு வகை) என்றால் டீலர் வண்டியை ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விற்று, அந்தக் கம்பெனிதான் உங்களுக்குத் தந்திருக்கிறது. ஆகவே வண்டியை நிராகரிக்கும், அதாவது திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும், கடிதம் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டும், நகல் டீலருக்கு. இதை மாற்றிச் செய்து, மாதக்கணக்கில் டீலரோடு மட்டும் மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. தனியாரிடம் வாங்கிய வண்டிக்கும், நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய ஏலத்தில் எடுத்த பழைய வண்டிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதல் 30 நாள்

வண்டி கைக்கு வந்த மறுநாளிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். வண்டி தரமானதாக இல்லை, சொன்னபடி இல்லை அல்லது நோக்கத்துக்கு உதவவில்லை என்றால், இந்த நாள்களுக்குள் ரிப்பேருக்கே விடாமல் நேராக நிராகரிக்கலாம். முழுப் பணமும் திரும்ப வரும், கழிவு கிடையாது. பழுது வாங்கும்போதே இருந்தது என்று காட்டும் பொறுப்பு இங்கே உங்களுடையது. அதனால் வண்டி வந்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்: தண்ணீர் பம்ப், கேஸ் அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜை மின்சாரத்திலும் கேஸிலும், கழிவுத் தொட்டி வால்வு, கூரை ஜன்னல்கள் என ஒன்று விடாமல். ஒரு எடைமேடைக்கும் கொண்டுபோங்கள். 3,500 கிலோ வண்டி என்று விற்றுவிட்டு, கூடுதலாகப் பொருத்திய சோலார், ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல்துணி), டோபார் (இழுவைக் கம்பி) எல்லாம் சேர்ந்து சுமை வரம்பைத் தின்றுவிடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும். ஆர்டரில் எழுதிய சுமையளவு கிடைக்காவிட்டால் அது 'சொன்னபடி இல்லை' என்ற கணக்கில் வரும்.

இந்த நாள்களுக்குள் நீங்களே ரிப்பேர் கேட்டாலும், டீலர் கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டாலும், கடிகாரம் நிற்கும். வண்டி திரும்பி வந்ததும் மிச்ச நாள்கள் அல்லது 7 நாள், எது அதிகமோ அது உங்களுக்கு உண்டு. ரிப்பேருக்கு விட்ட தேதியும் திரும்பப் பெற்ற தேதியும் மின்னஞ்சலில் பதிவாகட்டும்.

30 நாள் தாண்டிவிட்டால்: ஒரே ஒரு வாய்ப்பு

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 30 நாளுக்குப் பிறகு டீலருக்கு ரிப்பேர் செய்ய ஒரு வாய்ப்பு தர வேண்டும். ஒன்றுதான், மூன்று அல்ல. நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய தொந்தரவு தராமல், தன் செலவில் அதை அவர் செய்து முடிக்க வேண்டும். அதன் பிறகும் வண்டி குறையோடு இருந்தால், விலைக் குறைப்போடு வண்டியை வைத்துக்கொள்ளலாம் அல்லது இறுதியாக நிராகரித்துப் பணத்தைக் கேட்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு.

அந்த ஒரு ரிப்பேர், ஒரே பழுதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு குறைகளை எழுதிக்கொடுத்து ஒரு தடவை ஒர்க்ஷாப்பில் விட்டாலும் அது ஒரு ரிப்பேர்தான். திரும்பி வந்தபின், வாங்கியபோதே இருந்த பதின்மூன்றாவது குறை தலைகாட்டினாலும் நிராகரிக்கும் உரிமை பிறந்துவிடுகிறது. 'இது புதுப் பழுது, இதற்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்பதற்கு நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல.

ஒரு பொறி உண்டு. சேசிஸ் கம்பெனியின் ஒர்க்ஷாப்புக்கு நீங்களே ஓட்டிப்போய் வாரண்டியில் சரிசெய்துகொண்டால், 'எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை' என்று டீலர் பின்னால் சொல்லலாம். ஆகவே எங்கே விடுவதாக இருந்தாலும் முதலில் விற்றவருக்கு எழுதுங்கள்: இன்ன பழுது, சட்டப்படி ரிப்பேர் கேட்கிறேன், எங்கே விட வேண்டும் என்று சொல்லுங்கள். வண்டி திரும்பும்போது, என்ன கோளாறு, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். ரிச்சி – லாயிட் வழக்கில் (2007), அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, ரிப்பேருக்கு ஒப்புக்கொண்ட வாங்குபவருக்கு என்ன பழுது இருந்தது என்று அறியும் உரிமை உண்டு, விற்றவர் அதை மறைத்தால் பொருளை ஏற்க மறுக்கலாம் என்றது. அது ஒரு விவசாயக் கருவி பற்றிய, பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. ஆனாலும் 'எல்லாம் சரி பண்ணியாச்சு' என்று மட்டும் சொல்லும் டீலரிடம் காட்ட நல்ல ஆயுதம்.

முதல் 30 நாள் நேரடி நிராகரிப்பைத் தவிர மற்ற உரிமைகளுக்கு, வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் டீலர். 6 மாதம் தாண்டினால் நிரூபணம் உங்கள் பொறுப்பு, டீலரைச் சாராத பொறியாளரின் அறிக்கை இல்லாமல் வழக்கு நகராது. வழக்குப் போட இங்கிலாந்து, வேல்ஸில் 6 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு வரை நேரம் உண்டு.

ஆதாரம்: டாம்பும், வந்து வந்து போகும் பழுதும்

'செக் பண்ணினோம், பழுது எதுவும் இல்லை' என்ற ஒற்றை வரிதான் உங்கள் வழக்கைக் கொல்லும். அதற்கு மருந்து, பழுது வந்த சூழலை எழுதிவைப்பது. ஹீட்டர் அணைந்துவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி, மைல் கணக்கு, வெளியே எத்தனை டிகிரி, ஹூக்கப்பில் (முகாம் இடத்தின் மின் இணைப்பு) இருந்ததா பேட்டரியிலா, பேட்டரி வோல்ட் எவ்வளவு, சிலிண்டரில் புரோப்பேனா பியூட்டேனா, திரையில் வந்த பிழை எண் என்ன என்று எழுதி, வீடியோவும் எடுங்கள். பியூட்டேன் உறைநிலைக்கு அருகில் ஆவியாவதில்லை. குளிர்காலத்தில் அதைப் பயன்படுத்தியிருந்தால் டீலர் குறையை உங்கள் மேல் போட்டுவிடுவார், அதில் நியாயமும் இருக்கும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் வண்டி சரிந்து நின்றால் சரியாகக் குளிராது. இப்படி எளிதாகத் தட்டிக்கழிக்கக்கூடிய காரணங்களை முதலிலேயே அடைத்துவிடுங்கள்.

டாம்ப், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், மோட்டார்ஹோமின் புற்றுநோய். கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே மரச்சட்டம் உளுத்துப்போயிருக்கும். கூரை ஜன்னலைச் சுற்றி, பக்க ஜன்னல்களின் கீழ் மூலைகள், பின்புற விளக்குகளுக்கு உள்பக்கம், மேல் அலமாரிகளின் பின்மூலை, இருக்கைப் பெட்டிகளின் அடி, பின் கராஜ் (பின்பக்கப் பொருள் அறை) தரை ஆகிய இடங்களில் ஈரம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. 20க்கு மேல் போனால் நீர் புகுகிறது என்று சந்தேகிக்கலாம், 30க்கு மேல் என்றால் சட்டகமே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் வாங்கும் மலிவான மீட்டர் சந்தேகத்தை உறுதிசெய்யவே. டீலரிடம் காட்ட வேண்டியது, தகுதிபெற்ற ஹேபிடேஷன் (வண்டியின் வீட்டுப் பகுதி) பொறியாளர் வண்டியின் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் அளவைக் குறித்து, நீர் எந்த வழியாக வருகிறது, இது கட்டுமானக் குறையா தேய்மானமா என்று எழுதித் தரும் அறிக்கை. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத அறிக்கைக்குக் கொடுத்த காசு வீண்.

நிராகரிப்பது எப்படி

தொலைபேசியில் கத்துவது நிராகரிப்பு ஆகாது. 'எனக்கு அதிருப்தி' என்பதும் ஆகாது. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் தெளிவாக எழுத வேண்டிய வாக்கியம்: 'நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015இன் 24ஆம் பிரிவின்படி இந்த வண்டியை இறுதியாக நிராகரிக்கிறேன்' (30 நாளுக்குள் என்றால் 22ஆம் பிரிவு). கூடவே வண்டி எண், வாங்கிய தேதி, விலை, குறைகளின் பட்டியல், ரிப்பேர் நடந்த தேதி, கேட்கும் தொகை, வண்டி எடுத்துச்செல்லத் தயாராக இருக்கிறது என்ற வரி. பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். பணம் தர ஒப்புக்கொண்டால் அதிலிருந்து 14 நாளுக்குள் தந்தாக வேண்டும். முன்பதிவு செய்து இழந்த சைட் (முகாம் இடம்), ஃபெரி கட்டணங்களையும் இழப்பீடாகக் கேட்கலாம்.

கடிதம் அனுப்பிய கணத்திலிருந்து வண்டியை ஓட்டாதீர்கள். நிராகரித்த வண்டியில் ஒரு வார விடுமுறை போய்வந்தால், உங்கள் சொல்லை நீங்களே பொய்யாக்கிய மாதிரி. மைல் மீட்டரைப் படம் எடுத்து, தண்ணீரை வடித்து, டாய்லெட் கேசட்டை (கழிவுப் பெட்டி) காலிசெய்து, கேஸை மூடி நிறுத்துங்கள். காப்பீடு தொடரட்டும். பதிவுச் சான்றைப் பணம் வரும்வரை கையை விட்டு விடாதீர்கள். ஹையர் பர்ச்சேஸ் தவணையை நீங்களாக நிறுத்தினால் கடன் வரலாறு கெடும். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

இறுதி நிராகரிப்பில், பயன்படுத்தியதற்காக ஒரு தொகையைக் கழிக்க டீலருக்கு உரிமை உண்டு. மற்ற பொருள்களுக்கு முதல் 6 மாதத்தில் கழிவு கிடையாது, மோட்டார் வாகனத்துக்கு மட்டும் விதிவிலக்கு. காரில் இழுத்துச்செல்லும் கேரவன் மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அதற்கு முதல் 6 மாதத்தில் இந்தக் கழிவு வராது. கழிவுக்குச் சட்டத்தில் சூத்திரம் இல்லை. மைலுக்கு 45 பென்ஸ் என்று கேட்டால் மறுங்கள்: அது வரித்துறை வேலைப் பயணத்துக்கு வைத்த விகிதம், நீங்கள் ஏற்கெனவே செலவழித்த பெட்ரோலும் காப்பீடும் அதற்குள் அடக்கம். வண்டி ஒர்க்ஷாப்பில் கிடந்த நாள்களைப் பயன்பாடாக எண்ணக் கூடாது.

டீலர் மசியவில்லை என்றால்

விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை என்றால், டெபாசிட்டை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு கம்பெனியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. 30,000க்கு மேற்பட்ட வண்டியை அதற்கென்றே டீலர் வழியாக ஏற்பாடு செய்த கடனில் வாங்கியிருந்தால் 75ஏ பிரிவு உண்டு. கடன் 60,260 பவுண்டு வரை இருக்கலாம், ஆனால் முதலில் டீலரிடம் முயன்றதைக் காட்ட வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனியோ கார்டு கம்பெனியோ 8 வாரத்தில் தீர்க்காவிட்டால் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு) இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்திருந்தால் அதன் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஃபைனான்ஸில் வாங்கியவர்களுக்கு நீதிமன்றத்தைவிட இதுவே நல்ல வழி.

ரொக்கம் கொடுத்தவர்களுக்கு நீதிமன்றம்தான் கடைசிப் படி. இங்கிலாந்து, வேல்ஸில் சிறுவழக்கு (செலவு குறைந்த எளிய நடைமுறை) 10,000 பவுண்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் 2,00,000 வரை வழக்குக் கட்டணமே தொகையில் 5 சதவீதம்: 60,000 பவுண்டு வண்டிக்கு 3,000. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழும். அதனால் வழக்குப் போடும் முன் பொறியாளர் அறிக்கையோடு ஒரு வழக்கறிஞரிடம் கருத்துக் கேளுங்கள். வீட்டு, கார் காப்பீட்டில் சட்டச் செலவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அதற்கும் முன்பே பாருங்கள். அதை எடுத்திருந்தும் மறந்துவிடுபவர்கள் உண்டு.