மலையிறங்கி வெளிநாடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெளிநாட்டுச் சுற்றுலா போகிறோம் என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதெல்லாம் சென்னைக்காரருக்குச் சரி. கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருப்பவருக்குப் பயணம் தொடங்குவது விமான நிலையத்தில் இல்லை, மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவில். முடிவதும் அங்கேதான். மே கடைசியில் நாங்கள் ஆறு பேர் சிங்கப்பூர் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தோம். அங்கே எந்த மணிக்கு எந்த இடம் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தோம். மலையிறங்கும் நாளுக்கும் மலையேறும் நாளுக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை. பட்ட சிரமமெல்லாம் அந்த இரண்டு நாளில்தான்.

‘ஊட்டியிலிருந்து பீளமேடு விமான நிலையம் மூன்று மணி நேரம்’ என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். சீசன் நாட்களில் மேலே வரும் வண்டிகள் பர்லியாறு, குன்னூர் வழியாக வரும். இறங்குகிற வண்டிகளை எங்கள் கோத்தகிரி பக்கம் திருப்பி விடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் மண் சரியும், மரம் விழும். விமான நிலையத்திலோ மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கச் சொல்கிறார்கள். முந்தைய நாளே இறங்கிக் கோவையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவதுதான் நல்லது. நாங்கள் அன்றே கிளம்பினோம். காலையில் வயிறு நிறைய பொங்கல் சாப்பிட்ட சின்னவன் மேட்டுப்பாளையம் வருவதற்குள் மூன்று முறை வண்டியை நிறுத்த வைத்தான்.

பாஸ்போர்ட்டில் நிறையப் பேர் கோட்டை விடுவது குழந்தைகள் விஷயத்தில். பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும் என்பதால் பிள்ளைகளுக்கும் அப்படியே என்று இருந்துவிடுகிறோம். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிகபட்சம் ஐந்து வருடம்தான். அதிலும் சிங்கப்பூருக்குள் நுழைய இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா கையில் இருந்தாலும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கட்டு என்று கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

பெட்டி கட்டுவதில் நம் ஊருக்கே உரிய தவறுகள் சில உண்டு. அன்பளிப்பாக வீட்டில் செய்த சாக்லேட் வாங்கிப் போகாதீர்கள். இங்கே கல் மாதிரி இருப்பது அங்கே முதல் நாளே கூழாகிவிடும். வர்க்கியைப் பிளாஸ்டிக் கவரில் வைத்தால் தூளாகத்தான் போய்ச் சேரும், தகர டப்பா வேண்டும். நீலகிரித் தைலம் 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் வைத்தால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். எங்கள் துணிகளெல்லாம் பத்து நாளும் தைல வாசனை அடித்தன, சளி பிடித்த வீடு மாதிரி.

இதெல்லாம் சின்ன விஷயம். கசகசா அப்படி இல்லை. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப் பட்டியலில் உள்ள பொருள். குருமாவுக்கென்று வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருந்தால் அதையும் விட்டுவிட்டுப் போங்கள். மெல்லும் புகையிலைக்கும் தடை. அத்தையின் வெற்றிலைப் பையைக் கிளம்புவதற்கு முன் நான்தான் சோதித்தேன். ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம், மருத்துவரின் சீட்டும் கையில் இருக்கட்டும்.

போன இடத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு வெயிலை மதிக்காதது. நாம் பழகியது குளிருக்கு. அங்கே காற்றிலேயே ஈரம், வியர்வை காயாது. முதல் நாள் மதியமே முழுக் குடும்பத்தோடு செரங்கூன் சாலையில் நடந்து, பெரியவளுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. காலையிலும் மாலையிலும் வெளியே, மதியம் உள்ளே என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். அது தெரியாமல் இரண்டு நாள் பாட்டில் வாங்கினோம். மெட்ரோ ரயிலில் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். வளைகுடாப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) கண்ணாடிக் கூரைக்குள் 35 மீட்டர் உயரத்தில் செயற்கை மலை, அருவி, மூடுபனி எல்லாம் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போனதும் அத்தை, “இதுக்கு நம்ம கோடநாடு போயிருக்கலாமே” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

கடையில் கார்டு தேய்க்கும்போது இந்திய ரூபாயா, சிங்கப்பூர் வெள்ளியா என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் புரிகிறதே என்று அதை அழுத்தினால் மாற்று விகிதத்தில் அடி விழும். வெள்ளியையே அழுத்துங்கள்.

இனி திரும்பி வருவது. ஸ்வெட்டர்களைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டோம். கோவையில் இறங்கும்போது டீ-ஷர்ட் போதும். நள்ளிரவில் கட்டபெட்டு பக்கம் வரும்போது பிள்ளைகள் நடுங்குகிறார்கள், பெட்டியோ டாக்சியின் கூரை மேல். அதற்கும் முன்னால் இன்னொரு கூத்து. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நாம் உள்ளூர்க்காரர்தானே என்று நாங்கள் அதை நினைக்கவே இல்லை. அவர்கள் பார்ப்பது வண்டியின் எண்ணை. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு என்றால் விட்டுவிடுவார்கள். எங்களை ஏற்றிவந்த கோவை டாக்சிக்குச் சோதனைச் சாவடியில் நின்றுதான் பாஸ் எடுத்தோம். நீலகிரியில் தடை என்பதால், விமானத்தில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

பூட்டிக் கிடந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமையலறையில் எண்ணெய் டின்னைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவது கோத்தகிரியில் கரடிக்கு விருந்து வைப்பதற்குச் சமம். கதவை உடைத்துக்கொண்டு வரும். தோட்டத்தில் பழுத்த பலாவையும் கொய்யாவையும் பறித்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள், சிறுத்தை நடமாடும் ஊர். ஃபிரிட்ஜை அணைத்தால் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், மூடினால் உள்ளே பூஞ்சைதான். மழை நாட்களில் தோல் செருப்பு, பெல்ட், பீரோத் துணி எல்லாவற்றிலும் வெள்ளை பூத்திருக்கும். வந்த மறுநாள் வெயில் வந்தால் வேறு எந்த வேலையும் வேண்டாம், மெத்தையைத் தூக்கி வெளியே போடுங்கள்.

சிறு தேயிலைத் தோட்டம் உள்ளவர்கள் பறிப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று பறிக்கிற தோட்டத்தில் ஒரு சுற்றைத் தவறவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஃபேக்டரியில் விலையைக் குறைப்பார்கள், நாமும் வாய் திறக்க முடியாது.

சுற்றுலாவைப் பேக்கேஜாக வாங்கியிருந்தால் ஏஜென்ட் விலையோடு சேர்த்து டிசிஎஸ் என்ற வரியையும் வசூலித்திருப்பார். அந்தப் பணம் வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் இருக்கும். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். செலவோடு செலவாகப் போனது என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

காய்ச்சலை மட்டும் ‘ஊர் மாறின குளிர்’ என்று விடாதீர்கள். சிங்கப்பூரில் டெங்கு உண்டு. கொசுவுக்குப் பழகாத நாம் அங்கே கொசு மருந்து பூசிக்கொள்ளவும் மறந்துவிடுவோம். கடித்து நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும், அதற்குள் வீடு வந்து சேர்ந்திருப்போம். இரண்டு வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பிரினோ இப்யூபுரூஃபனோ சொந்தமாக வாங்கிக் கொடுக்காமல் டாக்டரிடம் போங்கள். எங்கே போய் வந்தீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கோத்தகிரிக்காரரைப் பார்த்தால் முதலில் டெங்கு என்று யாருக்கும் தோன்றாது.