ஆபீஸ் வேலையாக ஃபிராங்க்பர்ட், கூடவே குடும்பமும்: திட்டமிடுவது எப்படி?

வேலை நிமித்தம் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகருக்குப் போகும்போது கணவரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. எப்படிச் செய்கிறோம் என்று ஆபீஸில் பலரும் கேட்பதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுவது, போட்டோ அளவு போன்ற அடிப்படைகளுக்குள் போகவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

படி 1: தேதி

வேலை முதலில், சுற்றுலா அப்புறம். மீட்டிங் ஒருநாள் தள்ளிப்போனாலும் பின்னால் இருக்கும் விடுமுறையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். மாற்றிப் போட்டால் ஊர் சுற்றும் நாளெல்லாம் பிரசன்டேஷன் நினைப்பாகவே ஓடும்.

மாதம் என்றால் என் ஓட்டு மே மாதத்துக்குத்தான். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அதோடு அங்கே மே நடுவில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணி ஆகிவிடும். ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் பிள்ளைகளோடு மயின் ஆற்றங்கரையில் நடக்க நான்கு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கிறது, நவம்பரில் இது கிடைக்காது. ஆனால் மே 1, ஈஸ்டர் முடிந்து 39ஆம் நாள் வரும் வியாழக்கிழமை இரண்டும் அங்கே அரசு விடுமுறை. அந்த வியாழனுக்கு அடுத்த வெள்ளியையும் சேர்த்து லீவு போட்டுவிடுவார்கள், மீட்டிங்குக்கு ஆள் கிடைக்காது, ரயிலில் கூட்டம் அள்ளும். பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும் வாரமா என்றும் பார்த்துவிடுங்கள், அந்த நாட்களில் ஹோட்டல் வாடகை தாறுமாறாக ஏறும்.

படி 2: விசா (இதை நிதானமாகப் படியுங்கள்)

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். உங்களுக்கு பிசினஸ் விசா, வீட்டில் மற்றவர்களுக்கு டூரிஸ்ட் விசா. பயணம் ஒன்று, ஃபைல் இரண்டு வகை. ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதிப்படி எந்த நாடு உங்கள் பயணத்தின் முக்கிய இலக்கோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அது எதற்காகப் போகிறீர்கள் என்பதையும் எங்கே அதிக நாள் தங்குகிறீர்கள் என்பதையும் வைத்து முடிவாகும். ஃபிராங்க்பர்ட்டில் ஐந்து இரவு, பாரிஸில் ஏழு இரவு என்று போட்டால் உங்கள் வேலை ஜெர்மனியில், குடும்பத்தின் அதிக நாட்கள் பிரான்ஸில். யார் எங்கே விண்ணப்பிப்பது என்ற குழப்பம் இங்கேதான் தொடங்கும். வேலை இருக்கும் நாட்டிலேயே அதிக இரவுகளையும் வைத்துவிடுங்கள், நான்கு பேரும் ஒரே தூதரகத்தில் கொடுத்துவிடலாம்.

அடுத்தது கம்பெனிக் கடிதம். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அலுவல் பயணம், அதன்பின் இந்தத் தேதி வரை சொந்த விடுப்பு, அந்த நாட்களின் செலவு அவருடையது" என்று தேதி பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஜெர்மன் கம்பெனியின் அழைப்புக் கடிதத்தில் வேலை நாட்கள் மட்டும்தான் இருக்கும். மிச்ச நாட்களுக்கு விளக்கம் இந்தக் கடிதத்தில் இல்லாவிட்டால், டிக்கெட் ஒரு கதை சொல்லும், அழைப்பு இன்னொரு கதை சொல்லும். விண்ணப்பத்தில் பயண நோக்கத்துக்குக் கீழே கூடுதல் விவரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதிலும் "வேலை முடிந்தபின் குடும்பத்தோடு சுற்றுலா" என்று எழுதுங்கள். உங்கள் அழைப்பு, கம்பெனிக் கடிதம் இரண்டின் நகலும் குடும்பத்தினர் ஃபைலில் இருக்கட்டும். நாள்வாரிப் பயணத்திட்டம் எல்லா ஃபைலிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாள்தான் இருக்கிறது என்னும்வரை இழுக்காதீர்கள். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. கம்பெனி எடுத்துத் தரும் பாலிசி வேலை நாட்களோடு முடிகிறதா என்று பார்த்து, முடிந்தால் மிச்ச நாட்களுக்குச் சொந்தமாக எடுங்கள்.

படி 3: டிக்கெட்

வேலை முடிந்த மறுநாளே திரும்பினால் என்ன விலை என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிந்திய தேதியின் விலையோடு சேர்த்து மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். வித்தியாசத்தை நானே கட்டுகிறேன் என்று எழுதி, சம்மதத்தையும் மெயிலிலேயே வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. குடும்ப டிக்கெட் தனி பி.என்.ஆரில்தான் (முன்பதிவு எண்) வரும், உங்கள் தேதி மாறினால் அது தானாக மாறாது. அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

படி 4: தங்குமிடம்

ஆபீஸ் பிடித்துத் தரும் இருவர் அறையில் நான்கு பேர் தங்க விடமாட்டார்கள். சமையலறை உள்ள அபார்ட்மென்ட் ஹோட்டல்தான் என் தேர்வு. ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் போதைப் பழக்கமும் சிவப்பு விளக்குக் கடைகளும் உண்டு, குழந்தைகளோடு என்றால் பாக்கன்ஹைம் அல்லது சாக்சன்ஹவுசன் பக்கம் பாருங்கள். பில்லை இரண்டாகக் கேளுங்கள்: வேலை நாட்களுக்குக் கம்பெனி பெயரில் ஒன்று, மிச்சத்துக்கு உங்கள் பெயரில் ஒன்று. கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று மெஷின் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருட்களையும் இலைதழைகளையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது.

படி 5: நீங்கள் வேலைக்குப் போகும் பகல்கள்

பலரும் திட்டமே போடாமல் விடுவது இதைத்தான். நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது துணைவர் தெரியாத ஊரில் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் இது விடுமுறையாக இருக்க வேண்டும். கண்காட்சி வளாகத்தில் வேலை என்றால் யூ4 மெட்ரோவில் எல்லோரும் சேர்ந்தே ஏறுவோம். நான் மெஸ்ஸெ நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன், அவர்கள் அடுத்த நிறுத்தமான பாக்கன்ஹைமர் வார்ட்டெயில் இறங்குவார்கள். அங்கிருந்து டைனோசர் எலும்புக்கூடுகள் உள்ள செங்கன்பெர்க் அருங்காட்சியகமும், விளையாட்டுத் திடல் உள்ள பால்மென்கார்டன் பூங்காவும் நடக்கிற தூரம். ஒரு பகலுக்கு ஓர் இடம் போதும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பால், ரொட்டி, தயிர் வாங்கிவையுங்கள்.

படி 6: வேலை முடிந்தபின்

ஒரே ஒரு கூடுதல் ஊர் போதும். எங்கள் விருப்பம் பாரிஸ், நேரடி ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். ரயில் நிற்கும் கார் டெ லெஸ்ட் ஸ்டேஷனிலிருந்து ஃபோபூர் சான் தெனி தெருவில் வடக்கே நடந்தால் லா ஷப்பெல் வந்துவிடும். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், பிள்ளைகள் தோசை சாப்பிட்டுத் தெம்பாகிவிடுவார்கள். பாரிஸ் வேண்டாம் என்றால் கொலோன். அங்குள்ள பேராலயத்தின் 157 மீட்டர் உயரக் கோபுரம் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறது. ஜெர்மனிக்குள் ரயிலில் பெற்றோரோடு போகும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை டிக்கெட்டில் சேர்த்துப் பதிய வேண்டும், இருக்கை முன்பதிவுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

பிற்சேர்க்கை: "பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், குழந்தைக்கு என் கணவர் பெயர், இது பிரச்சினையாகுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நம் பெயர் முறை அங்கே தெரியாது என்பதால் திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் நகல்களை ஃபைலிலும் கைப்பையிலும் வையுங்கள். நீங்கள் இரண்டு நாள் முன்னால் போய், துணைவர் பிள்ளைகளோடு பின்னால் வந்தால் உங்கள் சம்மதக் கடிதமும் அவர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டது. 12 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது, போட்டோ மட்டும் எடுப்பார்கள். வரிசையில் நேரம் பிடிக்கலாம் என்பதால், இறங்கிய சில மணி நேரத்திலேயே மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே ரயில் டிக்கெட் போட்டிருந்தால் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.