தாயம் உருட்டி உடற்பயிற்சி: வீட்டிலேயே ஆட ஒரு செய்முறை

போன வருடம் ஜிம்மில் சேர்ந்து மூன்றாவது வாரமே நின்றுவிட்டேன். அப்புறம் காலை நடை. அது மழைக்காலத்தோடு போய்விட்டது. இரண்டு முறையும் நான் நின்றது உடம்பு முடியாமல் இல்லை, சலிப்பினால்தான். தீபாவளி விடுமுறையில் அம்மா, மனைவி, மகளோடு தாயம் ஆட உட்கார்ந்தபோது மட்டும் இரவு பதினொன்று ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒரே ஆட்டம்ப்பா" என்று மகள் கெஞ்சினாள். உடற்பயிற்சியையும் இப்படி யாராவது கெஞ்சிக் கேட்க வைக்க முடியுமா என்று அன்றுதான் யோசித்தேன். நான்கு மாதமாக வாரத்தில் ஐந்து நாள் ஆடுகிறோம். எப்படி என்று எழுதுகிறேன்.

தேவையானவை

தாயக்கட்டை ஒரு ஜோடி, சாக்பீஸ், ஆளுக்கு இரண்டு காய், கை வைத்த நாற்காலி ஒன்று. கட்டை பித்தளையிலேயே வாங்குங்கள். கனம் இருப்பதால் நன்றாக உருளும், சத்தமும் கேட்க நன்றாக இருக்கும். போனில் பகடை உருட்டும் செயலி வேண்டவே வேண்டாம். போனைக் கையில் எடுத்தால் அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் இருப்போம்.

கட்டம்

ஐந்துக்கு ஐந்து கட்டம் போதும். வெளிச்சுற்றில் 16, உள்சுற்றில் 8, நடுவில் பழம், அதாவது காய் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய கட்டம். பெரிய கட்டம் போட்டால் ஆட்டம் இரண்டு மணி நேரம் இழுக்கும். தாயம் ஆடத் தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். விதிகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் வீட்டு வழக்கப்படியே ஆடலாம்.

நாங்கள் இரண்டு விதிகளை மட்டும் மாற்றினோம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும் என்றால், அது எட்டு முறைக்கு ஒருமுறைதான் விழும், காத்திருப்பவருக்கு அலுத்துவிடும். அதனால் 5 விழுந்தாலும் இறங்கலாம். இரண்டாவது மாற்றம்: காய் இறங்காதவரும் விழுந்த எண்ணுக்கான பயிற்சியைச் செய்ய வேண்டும்.

எந்த எண்ணுக்கு எந்தப் பயிற்சி

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எல்லா எண்ணும் ஒரே அளவில் விழும் என்று நினைத்து, முதல் நாள் 3-க்கு 15 ஸ்குவாட் வைத்தேன். ஒரே ஆட்டத்தில் எனக்கு மட்டும் பதினோரு முறை மூன்று விழுந்தது. கணக்குப் போட்டால் 165 ஸ்குவாட். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை.

காரணம் கட்டையில் இருக்கிறது. ஒரு கட்டைக்கு நான்கு முகம்: வெறும் முகம், ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அந்தப் பதினாறில் மூன்று வருவதற்கு நான்கு வழி உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் மூன்று மூன்று. தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒன்று. இரண்டிலும் வெறும் முகம் விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒன்று. ஆகவே அடிக்கடி விழும் எண்ணுக்கு லேசான பயிற்சி, அரிதாக விழும் எண்ணுக்குக் கடினமானது. எங்கள் வீட்டுப் பட்டியல் இப்போது இது:

1 – மாடிப்படி ஒருமுறை ஏறி இறங்குதல்
2 – சுவரில் கை ஊன்றி 8 தண்டால்
3 – நாற்காலியில் 5 முறை உட்கார்ந்து எழுதல்
4 – நின்ற இடத்தில் முட்டியைத் தூக்கி 40 எண்ணும் வரை நடை
5 – ஒற்றைக் காலில் நிற்றல், காலுக்கு 20 எண்ணிக்கை
6 – ஸ்கிப்பிங் 30
12 – ஒரு பாட்டு முழுக்க எல்லோரும் சேர்ந்து ஆட்டம்

பன்னிரண்டை மாற்றாதீர்கள். கட்டை உருளும்போதே மகள் "பன்னெண்டு, பன்னெண்டு" என்று கத்துவாள். விழுந்துவிட்டால் அறுபத்திரண்டு வயது அம்மாவும் எழுந்து கை தட்டிக்கொண்டு ஆடுவார். அவருக்கு மூட்டுவலி உண்டு. மருத்துவரைக் கேட்டுவிட்டு 1-க்கும் 6-க்கும் பதிலாக வேறு பயிற்சி வைத்திருக்கிறோம். ஒற்றைக் காலில் நிற்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். வலி இருக்கிற யாராக இருந்தாலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

வெட்டுப்பட்டவரைத் தண்டிக்காதீர்கள்

ஆரம்பத்தில், அடுத்தவர் காய் வந்து தன் காயை வெளியேற்றிவிட்டால், அப்படி வெட்டுப்பட்டவர் 10 தண்டால் எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். நல்ல விதி என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வாரம் மகள் "எனக்குத் தலை வலிக்குது, வரல" என்றாள். காய் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வருத்தம் போதாதென்று, எல்லோர் முன்னாலும் தண்டால் வேறு. தோற்றவர் செய்வதுதான் உடற்பயிற்சி என்று நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பள்ளியில் தாமதமாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்களே, அதனாலேயே ஓட்டத்தை வெறுத்தவன் நான்!

அன்றே விதியைத் திருப்பிப் போட்டோம். இப்போது வெட்டியவர்தான் வீட்டைச் சுற்றி ஒரு வெற்றி ஓட்டம் ஓடுவார், கத்திக்கொண்டே. ஓடுவதற்காகவே வெட்டப் பார்க்கிறாள் மகள். என்னைக் கேட்டால், மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நேரம்

நான்கு பேர், ஆளுக்கு இரண்டு காய் என்றால் ஏறக்குறைய 40 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆட்டத்தில் பாதி நேரம் அடுத்தவர் முறைக்குக் காத்திருப்பதுதான், அதனால் முழு 40 நிமிடத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காத்திருக்கும்போது உட்கார வேண்டாம், நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருங்கள் என்பது என் மனைவி சேர்த்த விதி. அதற்குப் பிறகுதான் எனக்கு வியர்க்கவே ஆரம்பித்தது.

வாசகர்கள் கேட்டதும் பிறகு சேர்த்ததும்

1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு, அதாவது அவரே மீண்டும் உருட்டலாம், அதனால் ஒரே ஆளுக்கு நான்கைந்து பயிற்சி தொடர்ந்து வந்து மூச்சு வாங்குகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். உண்மைதான். பதினாறில் ஆறு முறை மறு ஆட்டம் வரும். முதலில் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். விழுந்ததில் கடினமான இரண்டை மட்டும் செய்தால் போதும். காய் மட்டும் எல்லா எண்ணுக்கும் நகரட்டும்.

கீழ்வீட்டில் சத்தம் கேட்கிறது என்றார்கள் அடுக்குமாடிக்காரர்கள். கட்டையைப் பாயின் மேல் உருட்டுங்கள். ஸ்கிப்பிங்கை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் 6-க்கும் படி ஏறுங்கள்.

கட்டை இல்லை, சோழியில் ஆடலாமா என்று கேட்டிருந்தார்கள். ஆடலாம், ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையிலும் ஆடலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. முதலில் ஐம்பது முறை போட்டு எந்த எண் எத்தனை முறை விழுகிறது என்று எழுதி வையுங்கள், பிறகு பட்டியல் போடுங்கள்.

விடுதியில் தனியாக இருக்கும் ஒரு தம்பி, ஊரில் இருக்கும் அக்காவோடு வீடியோ காலில் ஆடுகிறாராம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்டம், இரண்டு பக்கமும் எல்லாக் காய்களும். ஒருவர் போட்டதை இருவரும் நகர்த்துகிறார்கள். பயிற்சியையும் இருவருமே செய்கிறார்கள், அதனால் காத்திருக்கும் நேரமே இல்லை. இருவர் மட்டும் ஆடும் நாட்களில் நாங்களும் இப்போது அப்படித்தான்.