கடை நடத்தும் தகப்பன் வீட்டில் வைக்கும் ரசமும் நெத்திலி வறுவலும்

தண்டையார்பேட்டையில் 14 ஆண்டுகளாகச் சிறிய டிபன் கடை நடத்தி வருகிறேன். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால், மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீடு திரும்ப 4 மணி ஆகிவிடும். மகள் பிறந்த முதல் சில ஆண்டுகள், கடையில் மிஞ்சியதைத் தூக்குவாளியில் கொண்டுபோய் வைப்பதையே குடும்பத்துக்குச் சோறு போடுவதாக நினைத்திருந்தேன். நான்கு வயதில் ஒரு நாள் அவள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கடைச் சோறா, நம்ம சோறா?" என்று கேட்டாள். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவுச் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும், பிள்ளைக்காக இதுவரை ஒரு வேளைகூட அடுப்பின் முன் நின்றிராத தகப்பன்மாருக்கும் பயன்படட்டும் என்று அந்தச் சமையலை எழுதுகிறேன்.

குழைந்த சோறு, மிளகு ரசம், நெத்திலி வறுவல் ஆகிய மூன்றும் போதும். பல வகை செய்யப் புகுந்தால் நீங்கள் மறுபடியும் கடைக்காரராகிவிடுவீர்கள். பிள்ளை பக்கத்தில் நின்று பேசுவதைக் கேட்க நேரம் இராது.

காலையிலேயே காசிமேட்டுக்குப் போய்க் கால் கிலோ நெத்திலி வாங்கிவிடுங்கள். உடல் வெள்ளியாக மின்ன வேண்டும். கண் கலங்கியிருக்கக் கூடாது. வயிறு வெடித்திருந்தால் அந்தக் குவியலை விட்டு நகர்ந்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், நாட்டுப்படகிலும் ஃபைபர் படகிலும் வரும் கொஞ்ச மீனுக்கு விலை ஏறியிருக்கும். அந்த நாள்களில் நான் மீனை விட்டுவிட்டு, முட்டையை உடைத்து ஊற்றி மிளகுத்தூள் தூவிக் கொடுக்கிறேன். மீன் வாங்கிய நாளில், தலையைச் செவுளுக்குப் பின்னால் கிள்ளி மெல்ல இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று முறை அலசி, நீரை நன்றாக வடித்து, மாலை வரை குளிர்பெட்டியில் மூடி வையுங்கள்.

மாலையில் முதல் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஆறேழு பூண்டுப் பற்களை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டால், சின்ன விரல்கள் அழுத்தியதும் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். என் மகள் ஒவ்வொரு பல்லையும் உரித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தில் போடுவாள். நான் அவசரப்படுத்துவதில்லை. நான் என் தகப்பனாரை நைனா என்று அழைத்து வளர்ந்தவன். அவர் சமைத்து நான் பார்த்ததில்லை, அவர் பக்கத்தில் இப்படி உட்கார்ந்து எந்த வேலையும் செய்ததில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்று பேருக்கு ரசம் வைக்க, நெல்லிக்காய் அளவு புளியை மூன்று தம்ளர் நீரில் கரைத்து, நன்கு பழுத்த இரண்டு நாட்டுத் தக்காளிகளை அதில் கையால் பிசைந்துவிடுங்கள். மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், உரித்த பூண்டு ஆகியவற்றை உரலில் கொரகொரப்பாக இடித்துச் சேர்க்க வேண்டும். சிறு பிள்ளைக்கு மிளகைப் பாதியாகக் குறையுங்கள். இடித்ததைப் போட்ட பிறகு தீயைத் தணித்து, பாத்திரத்தின் விளிம்பில் நுரை கட்டி மேலெழும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் மிளகு, சீரகத்தின் மணம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் தங்கும். கடையில் காலையில் வைத்த ரசத்தை மதியம் வரை சூட்டிலேயே வைத்திருக்க வேண்டியிருப்பதால், எவ்வளவு நல்ல சரக்குப் போட்டாலும் வீட்டு ரசத்தின் மணம் அதில் நிற்பதில்லை. நெய்யில் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து ஊற்றிக் கொத்தமல்லி தூவி மூடிவிடுங்கள்.

நெத்திலிக்கு அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, சிறிது மஞ்சள், உப்பு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றி மீனை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். அடிப்பக்கம் சிவந்து தானாகவே கல்லை விட்டு நகரும் வரை திருப்பக் கூடாது. வீட்டுக்குப் புது எண்ணெய்தான். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் தீய சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 முதல் எங்கள் தொழிலுக்கு இருக்கிறது; பிள்ளை சாப்பிடும் கல்லில் அந்தக் கணக்கே எழக் கூடாது என்பது என் எண்ணம்.

அரிசியை வழக்கத்தைவிட அரைத் தம்ளர் நீர் கூட்டிக் குழைய வடியுங்கள். சோற்றை ஆறவிட்டு, ரசம் ஊற்றிக் கையால் பிசைந்து கொடுங்கள். மொறுமொறுப்பான நெத்திலியின் முள்ளைப் பெரியவர்கள் மென்றுவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடு முள்ளை உருவி எடுத்து, சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிப் பார்த்த பிறகே ஊட்ட வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பள்ளிக்கூடத்தில் யார் தன்னோடு பேசவில்லை என்பதை என் மகள் சொல்வாள். கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்ற நாளில் ஒரு வார்த்தையும் வந்ததில்லை. ஆறு மாதம் கடந்து ஒரு வயது நிறையாத குழந்தை வீட்டில் இருந்தால், அதற்கு உப்பும் காரமும் இல்லாத பருப்புச் சோற்றைத் தனியாக மசித்து வையுங்கள்.

ரசம் மிஞ்சினால் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் விடியுமுன், வீடு உறங்கிக்கொண்டிருக்கையில், அதில் ஒரு தம்ளரைச் சூடாக்கிக் குடித்துவிட்டுத்தான் நான் கடைக்குக் கிளம்புகிறேன்.