மலை வீட்டில் கேஸ் கீசர்: பொருத்திய பின் செய்ய வேண்டிய சோதனைகள்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் நாலில் மூன்று பங்குதான். கொடைக்கானலிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. குன்னூரிலும் கோத்தகிரியிலும் சற்றுத் தேவலாம். கோவையில் வாங்கி வந்து கோவையில் பழகிய முறையிலேயே மாட்டப்படும் கேஸ் கீசர் மலையில் வேறு விதமாக எரிவதற்கு இதுவே முதற்காரணம். ரெகுலேட்டர் கேஸை எப்போதும் சுற்றுப்புறக் காற்றைவிட ஒரு குறிப்பிட்ட அளவு கூடுதல் அழுத்தத்தில் விடுகிறது. ஆகவே இந்த உயரத்தில் பர்னரின் ஜெட் (கேஸ் பாயும் சிறு துளை) வழியாக வரும் கேஸின் எடை சமவெளியைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்கே குறைகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜனோ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்றுப் போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்வதால், குளித்துக்கொண்டிருப்பவர் தலைசுற்றலை உணர்ந்து கதவைத் திறக்க நினைப்பதற்குள் கைகால் சோர்ந்து விழுந்துவிடுகிறார்.

பொதுவாக மெக்கானிக் நண்பகலில் வருகிறார். கதவும் சன்னலும் திறந்திருக்கின்றன. தீ பற்றுகிறது, வெந்நீர் வருகிறது, வேலை முடிந்ததாகக் கணக்கு. ஆனால் அந்தக் கீசர் உழைக்கப்போவது மார்கழி விடியற்காலையில், எல்லாச் சன்னல்களும் சாத்தப்பட்டு, வென்டிலேட்டர் இடுக்கில்கூடத் துணி அடைக்கப்பட்ட வீட்டில். ஆகவே கீழே சொல்லப்படும் சோதனைகளை அந்த நிலையை உண்டாக்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

முதலில் இடம். 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸை எரிக்கும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய ஊட்டியின் காற்றில் ஏறத்தாழ 16 கன மீட்டர் வேண்டும். ஐந்தடி அகலம், ஏழடி நீளம், எட்டடி உயரம் கொண்ட குளியலறையில் இருப்பது மொத்தமே எட்டுக் கன மீட்டர் காற்று. பத்து நிமிடக் குளியலுக்குள் அந்த அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கின் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். இந்தக் கணக்குக்குப் பிறகு குளியலறைக்குள் கீசர் மாட்டலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்பதும் சமாதானம் ஆகாது. புகைக்குழாய் இல்லாத கீசர் என்றால் திறந்த தாழ்வாரத்திலோ, கூரையுள்ள வெளிச்சுவரிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். ஊட்டியின் மேற்குப் பக்கத்திலும் கூடலூரிலும் ஆடி மாதக் காற்றும் மழையும் மேற்கிலிருந்து அடிக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும். அந்தந்த ஊரின் காற்றுக்கு முதுகு காட்டும் சுவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சிலிண்டரும் வெளியில், நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தாழ்வான பக்கம் வழிந்து போகும். சரிவில் படிப்படியாகக் கட்டிய வீடுகளில் மேல்முற்றத்தில் கசிந்த கேஸ் கீழ்க்கட்டு அறைக்குள் இறங்கித் தேங்கக்கூடும். சிலிண்டருக்குக் கீழே சாக்கடைத் திறப்போ, கீழறையின் சன்னலோ இல்லை என்பதை நேரில் நின்று பார்த்துவிட வேண்டும்.

கேஸைத் திறப்பதற்கு முன் தண்ணீர்ப் பக்கத்தை முடித்துவிடலாம். கீசரின் இணைப்பைக் கழற்றி, குழாயில் இருக்கும் மண்ணும் டேப் துணுக்கும் போகும்வரை தண்ணீரை ஓடவிட்டு, பிறகு நுழைவாயிலில் வடிகட்டிச் சல்லடையைப் போட்டு இணைக்க வேண்டும். தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். தகரக் கூரைக்குச் சற்று மேலே வைத்த தொட்டியின் அழுத்தம் போதாமல் பல கீசர்கள் பற்றுவதே இல்லை. வீட்டுக்கு மேற்புறத்து மேட்டில் பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி வைக்க முடிந்தவர்களுக்கு ஒரு பார் அழுத்தம் தானாகவே கிடைத்துவிடும். கீசரின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேஸ் கசிவு. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கீசர், கம்பி வலை பொதிந்த ‘சுரக்ஷா’ ஹோஸ், சொந்த ரெகுலேட்டர், தனிச் சிலிண்டர் என்று வைத்துக்கொள்வதே சரி. அடுப்புக்குப் போகும் ஹோஸில் கிளை பிரித்துக் கீசருக்குக் கொடுப்பது இரண்டையும் கெடுக்கும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது எல்லோரும் அறிந்த முறை. அதைவிட நம்பகமானது, ‘ப’ வடிவில் வளைத்த ஒளிபுகும் குழாயில் தண்ணீர் ஊற்றிச் செய்யும் சோதனை. அதைக் கீசரின் அழுத்தச் சோதனை முனையில் மெக்கானிக் மாட்டித் தருவார். நம் வீட்டு ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவு அழுத்தம் தர வேண்டும். அதாவது குழாயின் இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிய வேண்டும். பிறகு ரெகுலேட்டரை மூடி, சில நிமிடம் நிலைகொள்ள விட்டு, மட்டத்தைக் குறித்துக்கொண்டு மேலும் ஐந்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை தீக்குச்சி உரசும் பேச்சே வேண்டாம்.

அதே குழாயை மாட்டியபடியே கீசரை எரியவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். எரியும்போது அழுத்தம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. பாதியாக விழுந்தால் ரெகுலேட்டரோ ஹோஸோ அடைபட்டிருக்கலாம், அல்லது சிலிண்டரே குளிர்ந்துபோயிருக்கலாம். மலைக்கே உரிய சிக்கல் இந்தக் கடைசிக் காரணம். சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கோ கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி வேண்டும். தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் உறைபனி படியும் இரவுகளில் பியூட்டேன் எழும்புவதற்கே தயங்கும். புரோப்பேன் முதலில் செலவழிந்துவிடுவதால், சிலிண்டர் தீரும் தறுவாயில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். அதனால்தான் புதுச் சிலிண்டரில் ஒரு முறையும், முக்கால்வாசி தீர்ந்தபின் குளிர்ந்த காலையில் ஒரு முறையும் அளந்து பார்க்கச் சொல்கிறேன். அழுத்தம் போதவில்லை என்பதற்காகச் சிலிண்டர் மேல் கொதிநீர் ஊற்றுவதோ, கணப்புச் சட்டியை அருகில் வைப்பதோ உயிரோடு விளையாடுவதாகும். அதைச் செய்யவே கூடாது.

இனிப் பற்றவைக்கலாம். தண்ணீரைத் திறந்து சீராக ஓடும்வரை காத்திருந்து, புது பேட்டரி போட்டு, கேஸைத் திறக்க வேண்டும். ஹோஸில் காற்று அடைந்திருப்பதால் முதல் சில முறை பொறி மட்டும் தெரிந்து தீ பற்றாமல் போகலாம். குழாயை மூடிச் சற்று இடைவெளி விட்டுத் திறந்தால் போதும். பற்றிய தீ நீலமாக, பர்னரின் எல்லாத் துளைகளிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நுனி மஞ்சளாகி ஆடினாலோ, மேலே கரி படிந்தாலோ காற்றுப் போதவில்லை. தீ பர்னரை விட்டு எழும்பி நின்றால் அதுவும் கோளாறுதான். இந்த உயரத்துக்கு ஏற்ற ஜெட் வேண்டும் என்று கம்பெனியின் சர்வீஸ் ஆளிடமே கேளுங்கள். ஊசியால் ஜெட்டைக் குடைந்து சரிசெய்வதாகச் சொல்பவரை அனுமதிக்காதீர்கள்.

வெப்பத்தை அளப்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 6 லிட்டர் கீசர் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும் என்று பொருள். உயரத்தால் அந்தத் திறனில் எட்டில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 22 டிகிரி. தை மாதக் காலையில் தொட்டித் தண்ணீர் 8 டிகிரி என்றால், முழுக் குழாயையும் திறந்தால் வருவது 30 டிகிரிதான். குளிக்க அது போதாது. கீசர் பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன் பத்து லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். 100 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர். 150 விநாடியில் நிரம்பும்படி தண்ணீரைக் குறைத்தால் 4 லிட்டர். அப்போது 33 டிகிரி உயர்ந்து 41 டிகிரி வெந்நீர் கிடைக்கும். பெரிய கீசர் வாங்குவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. பெரிய கீசர் கேட்கும் வேகத்துக்குக் குளிர்ந்த சிலிண்டரால் கேஸ் தர இயலாது.

பாதுகாப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர்க் குழாயை மூடினால் தீ உடனே அணைய வேண்டும். ரெகுலேட்டரை மூடித் தீ அணைந்தபின் கீசரின் வால்வு தானே மூடிக்கொள்ள வேண்டும். மீண்டும் கேஸைத் திறக்கும்போது பொறி இல்லாமல் கேஸ் மட்டும் வெளியேறும் மணம் வந்தால் அந்தக் கீசரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட நேரத்தில் தானே அணையும் வசதி இருந்தால் (பல கீசர்களில் அது 20 நிமிடம்) கடிகாரம் வைத்து அதையும் பார்த்துவிடுங்கள்.

புகைக்குழாய் உள்ள கீசரை வீட்டுக்குள் வேறொரு அறையில் வைத்திருப்பவர்களுக்கு மிக முக்கியமான சோதனை இனிதான் வருகிறது. வீட்டின் எல்லாக் கதவு, சன்னல்களையும் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கீசரைப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். பிறகு புகைக்குழாய் தொடங்கும் இடத்தின் திறந்த விளிம்பில் ஓர் ஊதுபத்தியைச் சுற்றிலும் பிடித்துப் பாருங்கள். புகை முழுவதும் உள்ளே இழுக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் அறைப் பக்கம் தள்ளப்பட்டாலும் கீசரின் புகை வீட்டுக்குள் வருகிறது என்று பொருள். பழைய பங்களாக்களில் கணப்படுப்பு இருந்தால் அதில் விறகை நன்றாக மூட்டியபின் இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். எரியும் கணப்பு வீட்டுக் காற்றையெல்லாம் தன் புகைபோக்கி வழியாக இழுத்து, கீசரின் புகையைத் தலைகீழாக உள்ளே திருப்பிவிடக்கூடும். சோதனையில் தேறாத கீசரை அன்றே நிறுத்திவிட வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை குளிர்காலம் வந்தால் நிற்காது.

புகைக்குழாய் தேறினாலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி, மூச்சுவிடும் உயரத்தில் மாட்டிவிடுங்கள். ஐரோப்பியத் தரத்தில் செய்யப்பட்ட அலாரம் பத்து லட்சத்தில் 300 பங்கு அந்த வாயு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் ஒலிக்கும். அது ஒலித்தாலோ, எல்லோருக்கும் ஒருசேரத் தலைவலி வந்தாலோ, கேஸை மூடிவிட்டு அனைவரும் வெளியே வர வேண்டும். கேஸ் கசிவு மணத்துக்கு 1906 என்ற அவசர எண் இருக்கிறது. பேசுவதை வெளியே வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம்.

உறைபனி விழும் இடங்களில் வெளிச்சுவரில் உள்ள கீசரின் செப்புச் சுருளில் தண்ணீர் உறைந்தால் சுருள் வெடித்துவிடும். கீழே உள்ள வடிதிருகு எளிதில் கழல்கிறதா என்று இப்போதே பார்த்து, இரவில் வடித்துவிடும் பழக்கத்தை வீட்டாருக்குக் காட்டிக்கொடுங்கள்.

கடைசியாக, கீசர் எரியாதபோது இருந்த கேஸ் அழுத்தம், எரியும்போது இருந்த அழுத்தம், வாளி நிரம்பிய விநாடி, தண்ணீர் உள்ளே வந்த வெப்பம், வெளியே வந்த வெப்பம், சோதித்த தேதி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கீசரின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்குள் இதே அளவுகளை மறுபடி எடுத்து, பழைய எண்களுக்குக் கீழே எழுத வேண்டும்.