பருவ வேலையும் அனுபவம்தான்: தற்குறிப்பு எழுதும் முறை

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதி வேலைவாய்ப்பு முகாம்களுக்கு வரும் பட்டதாரிகள் பலரின் தற்குறிப்புகளில் ஒரே குறையைக் காணலாம். தந்தை பெயர், மதம், சாதி, பொழுதுபோக்கு என்று முதல் பக்கத்தை நிரப்பிவிட்டு, 'முன் அனுபவம் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். குறுவை, சம்பா அறுவடையின்போது நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலோ, உரக்கடையிலோ, அரிசி ஆலையிலோ கணக்கு எழுதியவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். மூன்று மாத வேலையானாலும் அது அனுபவமே. தற்குறிப்பில் அதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும்.

'கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தேன்' என்று மட்டும் எழுதினால் வெளியூர் நிறுவனத்தாருக்கு ஒன்றும் விளங்காது. 'விவசாயிகள் கொண்டுவந்த சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தக நகல்களைச் சரிபார்த்துக் கணினியில் பதிந்தேன். நெல்லின் ஈரப்பதத்தை அளந்து குறித்தேன். 40 கிலோ மூட்டைகளின் அன்றாட வரவையும், லாரியில் அனுப்பியதையும், இருப்பையும் பதிவேட்டில் எழுதினேன்' என்று நீங்கள் செய்தவற்றை மட்டும் பிரித்து எழுதினால், கிடங்குப் பொறுப்புக்கோ கணக்குப் பிரிவுக்கோ ஆள் தேடுபவர் தமக்கு வேண்டியதை அதில் கண்டுகொள்வார். நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை மூட்டைகள் வந்தன என்பது உறுதியாகத் தெரிந்தால் சேர்க்கலாம். கூட்டி எழுதக் கூடாது. நேர்காணலில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள். 'சம்பா பருவம்' என்பதற்குப் பதிலாக '2024 ஜனவரி முதல் மார்ச் வரை' என்பதுபோல் மாதமும் ஆண்டும் குறிப்பிடுங்கள்; கோவையில் இருக்கும் மேலாளருக்கு நம் பருவக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே தற்குறிப்பை அனுப்புவதும் சரியன்று. விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளுள் உங்களிடம் உண்மையாகவே இருப்பவற்றை மேலே கொண்டுவாருங்கள். அலுவலக வேலையென்றால் தமிழ், ஆங்கிலத் தட்டச்சில் இளநிலையா முதுநிலையா தேறினீர்கள் என்பது முன்னே நிற்க வேண்டும். விற்பனை வேலையென்றால் அது கீழே போகலாம். ஆதார் எண், சாதி, மதம் ஆகியவற்றைத் தனியார் வேலைக்கான தற்குறிப்பில் எழுதத் தேவையில்லை. 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள' என்று தொடங்கும் குறிக்கோள் வரி, என் கருத்தில், வெறும் இடத்தை அடைக்கும் பேச்சு.

புதிதாகப் படித்து முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். கணினி மையத்தில் தட்டச்சுக்குக் கொடுப்பதாயின் தமிழ்ப் பகுதியை யூனிகோடில் அடிக்கச் சொல்லிப் பிடிஎஃப் கோப்பாக வாங்குங்கள். பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு வேறு கணினியில் குறியீட்டுக் குப்பையாகத் திறக்கக்கூடும். கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். அந்தப் பெயரும் முன்னெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதை, அச்செடுக்கும் முன் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.