ஷாங்காயின் பழைய பங்களாவில் சாப்பிடப் போகிறீர்களா?

1849 முதல் 1943 வரை பிரெஞ்சுக்காரர்களின் நிர்வாகத்தில் இருந்த ஷாங்காய்ப் பகுதியில், தோட்டமும் மரப்படிக்கட்டுமாக நிற்கும் பழைய பங்களாக்கள் சில இன்று உணவகங்கள். வருகிறவர்கள் வீட்டை நன்றாகவே ரசிக்கிறார்கள். சறுக்குவது மெனுவைக் கையில் எடுத்த பிறகுதான்.

முதலில், காரம் தேடாதீர்கள். மிளகாய் சிச்சுவான், ஹூனான் சமையலுக்கு உரியது. நமக்குப் பழகிய மஞ்சூரியனோ இந்தியாவில் பிறந்தது. ஷாங்காய்ச் சமையலுக்கு எண்ணெய், சோயா சாஸ், கற்கண்டு மூன்றும்தான் ஆதாரம். தோலும் கொழுப்புமாக வெட்டிய பன்றி இறைச்சியை ஷாவோஷிங் அரிசி மதுவோடு சிறுதீயில் வேகவிட்டு, குழம்பு செம்பழுப்பாய்ச் சுண்டிப் பளபளக்கும்போது இறக்குகிறார்கள். இதற்கு மிளகாய் எண்ணெய் கேட்பது மைசூர்பாகுக்கு ஊறுகாய் கேட்பது மாதிரி.

ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் செய்வதும் தவறு. எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்வதற்கே. மதுவில் ஊறிய கோழி போன்ற ஆறிய பதார்த்தங்கள் முதலில் வரும். அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். சோறு பெரும்பாலும் கடைசியில்தான். கூடவே வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஷாவ்லொங்பாவ் என்னும் கொழுக்கட்டையை அப்படியே வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். பன்றித் தோலைக் காய்ச்சி உறையவைத்த கூழை உள்ளே வைத்து அவிப்பதால், அது உருகிக் கொதிக்கும் சாறாகியிருக்கும். கரண்டியில் ஏந்தி, ஓரத்தில் சிறிதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, இஞ்சியும் கறுப்பு வினிகரும் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

காய்கறி என்பதாலேயே சைவம் என்று நம்பிவிட வேண்டாம்; பன்றிக்கொழுப்பில் வதக்கியிருக்கலாம். கேட்டுவிடுவது நல்லது.

வீடு என்பதால் அறைகள் சிறியவை. முன்பதிவில்லாமல் போனால் வாசலோடு திரும்ப நேரும். தனியறைக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா என்று அப்போதே கேளுங்கள். வெங்காயத்தாளோடு சுடும் மீன்தலை போன்றவற்றைச் சில இடங்களில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். டிப்ஸ் தேவையில்லை.

ஆற்று நண்டுக்காகவே போகிறவர்கள் இலையுதிர்காலத்தில் போகட்டும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் பெண் நண்டு, பத்தாம் மாதம் ஆண் நண்டு என்பது கணக்கு. நாம் சளிக்கு நண்டு ரசம் வைக்கிறோம். அவர்களுக்கோ நண்டு குளிர்ச்சி. அதனால் முடிவில் இஞ்சித் தேநீர் வரும், மறுக்காதீர்கள்.